மண் தின்ற மீத்தேன்

2008-ஆம் ஆண்டு ‘கீமோஸ்பியர்’ ஆய்விதழில் சென்னையின் குப்பைமேடுகள் பற்றி ஒரு கட்டுரை வெளியானது. தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தினரும் அண்ணா பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து செய்த வேலை. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் குப்பையின் மேல் ஒரு பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதற்குள் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு வாயு சேர்கிறது என்று அளந்திருந்தார்கள். கொடுங்கையூரில் ஒரு சதுர மீட்டரிலிருந்து மணிக்கு 1 முதல் 23.5 மில்லிகிராம் வரை மீத்தேன் வந்தது. பெருங்குடியில் 0.9 முதல் 433 மில்லிகிராம் வரை. இதை வைத்து 2000-ஆம் ஆண்டில் சென்னைக் குப்பையிலிருந்து வெளியேறிய மீத்தேன் சுமார் 120 டன் என்று மதிப்பிட்டார்கள்.

120 டன் என்றால் எடையில் ஏறக்குறைய எட்டாயிரத்து ஐந்நூறு சமையல் சிலிண்டர். ஒரு பெருநகரம் ஒரு வருஷம் முழுக்கக் கொட்டிய குப்பைக்கு இது ரொம்பச் சின்ன எண். காலநிலை மாற்றத்துக்கான சர்வதேசக் குழுவான ஐபிசிசி 1996-ல் வகுத்த வழிமுறைப்படி காகிதத்தில் கணக்குப் போட்டால் வரும் தொகையைவிட இது குறைவு என்று கட்டுரையாளர்களே சொல்கிறார்கள்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஒரு பக்கம் ஆயிரம் பதிவுகள் உள்ளே போய் மறுபக்கம் நூறுதான் வெளியே வந்தால் எனக்குத் தூக்கம் வராது. அளந்தது தப்பா, கணக்கு தப்பா, இல்லை நடுவில் எதாவது தின்கிறதா? சென்னைக் குப்பை விஷயத்தில் மூன்றுக்குமே பங்கு உண்டு. அதில் மூன்றாவதுக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு கடைசியில் எங்கள் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துச் சின்னச் சின்னக் குப்பைமேடுகளை என்ன செய்வது என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

குழியும் மேடும்

‘குப்பை’ என்ற சொல்லுக்குக் கிராமத்தில் இன்னொரு பொருள் இருந்தது. கோடையில் ‘குப்பை அடிக்கிறது’ என்றால் எருவை வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டுபோவது. வீட்டுக்குப் பின்னால் குப்பைக்குழி. சாணி, சாம்பல், கழிவுத் தழை, மாடு மிதித்த வைக்கோல் எல்லாம் அதில் விழும். கோழி கிளறும், வெயில் காயும், வருஷத்துக்கு ஒருமுறை குழி காலியாகும். ஆழம் அதிகமில்லை, மேலாகக் காற்று போகும், நீண்ட நாள் தங்காது. மீத்தேன் பெரிய அளவில் சேர்வதற்கு அங்கே வழியே இல்லை.

நகரம் அந்தக் குழியை மேடாக்கியது. அம்பத்தூர் நல்ல உதாரணம். 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது, பிறகு டன்லப், 1964-ல் தொழிற்பேட்டை. ஆவடியில் அறுபதுகளில் கனரக வாகனத் தொழிற்சாலை. ஏரிப்பாசன கிராமங்களாக இருந்த இடங்களில் தொழிலாளர் குடியிருப்புகள் வந்தன. அப்புறம் மனைப்பிரிவுகள், அப்புறம் அடுக்குமாடிகள். குப்பை போட வயல் இல்லை. அம்பத்தூருக்கு அத்திப்பட்டு (எண்ணூர்ப் பக்கத்து அத்திப்பட்டு இல்லை, வானகரம் சாலைப் பக்கத்து அத்திப்பட்டு), ஆவடிக்குச் சேக்காடு, பூந்தமல்லிக்குப் பாரிவாக்கம் என்று ஊருக்கு ஓர் ஓரம் ஒதுங்கியது. கொட்டினார்கள். நிரம்பியதும் மேலே கொட்டினார்கள்.

நான் வளர்ந்த தெருவில் பனிக்காலக் காலையில் ஒரு புகை இறங்கும். பிளாஸ்டிக்கும் ஈரத்தழையும் சேர்ந்து கருகிய வாசனை. எங்கிருந்து வருகிறது என்று யாரும் விசாரித்ததாக ஞாபகமில்லை. “குப்பை எரியுது, ஜன்னலைச் சாத்து” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

2000-களின் பிற்பகுதியில் பூந்தமல்லிக்கு அருகே குத்தம்பாக்கத்தில், மேய்ச்சல் நிலத்தில், ஒரு பெரிய குப்பைக் கிடங்கு அமைக்கும் திட்டம் வந்தது. செம்பரம்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் போகும் பகுதி அது. ஊர் எதிர்த்தது, வழக்குப் போனது, கிடங்கு வரவில்லை. இப்போது குத்தம்பாக்கம் என்றால் புதிய பேருந்து முனையம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்தபோது அம்பத்தூர் அதற்குள் போனது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. அம்பத்தூர் மண்டலத்தின் குப்பை இப்போது கொடுங்கையூருக்குப் போகிறது. எங்கள் புகை வடசென்னைக்கு இடம் மாறியது என்று சொன்னால் அதில் மிகை ஒன்றும் இல்லை.

சதுப்பில் ஒரு குச்சி

மீத்தேனை முதலில் பிடித்தவர் அலெஸ்ஸாந்த்ரோ வோல்டா. 1776 நவம்பரில் வட இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிக்கரைச் சதுப்பில் ஒரு குச்சியால் சேற்றைக் கிளறி, மேலே வந்த குமிழிகளைக் குப்பியில் பிடித்தார். தீக்காட்டினால் எரிந்தது. பிற்பாடு மின்கலம் செய்து புகழ்பெற்றவரும் இவர்தான்.

குப்பைமேட்டுக்குள் நடப்பதும் அந்தச் சேற்றுக்குள் நடப்பதும் ஒன்றே. காய்கறிக் கழிவும் சோறும் காகிதமும் காற்றில்லாத இடத்தில் அழுகும்போது, கடைசிக் கட்டத்தில் ஒருவகை நுண்ணுயிர்கள் மீத்தேனை வெளிவிடுகின்றன. குப்பை வாயுவில் ஏறத்தாழ பாதி மீத்தேன், மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்ஸைடு. நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் ஒரு டன் மீத்தேன் சுமார் 28 டன் கார்பன் டை ஆக்ஸைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். இருபது வருஷக் கணக்கில் அது 80-ஐ ஒட்டி வரும்.

இவ்வளவு மீத்தேன் சதுப்புகளிலிருந்தும் நெல்வயல்களிலிருந்தும் கிளம்பினால் அது எங்கேதான் போகிறது என்ற கேள்விக்கு ஒரு பதில் 1906-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் கிடைத்தது. நுண்ணுயிரியலாளர் பெயரிங்க்கின் மாணவர் சோங்கென், மீத்தேனை மட்டுமே உணவாகக் கொண்டு வாழும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். 1970-ல் பிரிட்டனில் விட்டன்பெரியும் சகாக்களும் இப்படிப்பட்ட பாக்டீரியாக்களை நூற்றுக்கும் மேல் பிரித்துக் காட்டினார்கள். ஏதோ அபூர்வப் பிராணி என்ற எண்ணம் போனது. எங்கே மீத்தேனும் ஆக்சிஜனும் சந்திக்கின்றனவோ அந்த எல்லைக்கோட்டில் இவை குடியிருக்கின்றன. வயல்சேற்றின் மேற்பரப்பு ஓர் எல்லைக்கோடு. குப்பைமேட்டின் மேல் கிடக்கும் மண் இன்னொன்று.

அவை செய்வது ஒருவகையில் நிதானமான எரிப்பு. மீத்தேன் ஒரு பங்கு, ஆக்சிஜன் இரண்டு பங்கு. வெளியே வருவது கார்பன் டை ஆக்ஸைடும் தண்ணீரும் கொஞ்சம் சூடும். அடுப்பில் நடக்கும் அதே கணக்கு, சுடர் மட்டும் இல்லை. ஒரு டன் மீத்தேன் முழுக்க இப்படி மாறினால் 2.75 டன் கார்பன் டை ஆக்ஸைடு. 28-க்குப் பதில் 2.75, அதுவும் போன வருஷம் பயிர் காற்றிலிருந்து எடுத்த கார்பன்தான்.

மூடு, இறுக்கமாக மூடு

குப்பையை மண் போட்டு மூடும் வழக்கம் இந்தப் பாக்டீரியாக்களை நினைத்து வந்ததில்லை. 1910-களில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் குப்பையை அடுக்கடுக்காகப் பரப்பி மண்ணால் மூடத் தொடங்கினார்கள். எலி, ஈ, நாற்றம், தீ ஆகிய நாலும்தான் காரணம். 1937-ல் கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் ஜீன் வின்சென்ஸ் என்ற பொறியாளர் பள்ளம் தோண்டி, குப்பையை அமுக்கி, தினமும் மண் போட்டு மூடும் முறையை உருவாக்கினார். உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் இருக்கும் நவீனக் குப்பைப் புதைகுழிக்கு அதுதான் முன்மாதிரி.

அமுக்கி மூடியதும் காற்று உள்ளே போவது நின்றது, மீத்தேன் கூடியது. மேலே வழியில்லாத வாயு பக்கவாட்டில் போகும். 1986 மார்ச் 24 அன்று இங்கிலாந்தின் லாஸ்கோ என்ற ஊரில் ஒரு வீடு வெடித்துத் தரைமட்டமானது; மூன்று பேர் காயமடைந்தார்கள். பக்கத்தில் குப்பை நிரப்பி மூடிய பழைய களிமண் குவாரி. அன்று காற்றழுத்தம் வேகமாகக் குறைந்ததும் மண்ணடியில் இருந்த வாயு பாறை இடுக்குகள் வழியாக வீட்டடிக்கு வந்துவிட்டது. காற்றழுத்தத் தாழ்வு என்பது நமக்கு டிசம்பர் மாதச் செய்தி. ஒவ்வொரு புயல்சின்னம் நெருங்கும்போதும் குப்பைமேடுகள் பெருமூச்சு விடுகின்றன. நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

லாஸ்கோவுக்குப் பிறகு பிரிட்டனில் விதிகள் இறுகின. பொதுவாக மேலைநாடுகள் எடுத்த பாதை: களிமண், பிளாஸ்டிக் விரிப்பு போட்டு இறுக்க மூடு, குழாய் இறக்கி வாயுவை உறிஞ்சு, எஞ்சினில் விட்டு மின்சாரம் எடு, இல்லாவிட்டால் சுடரில் எரி. பெரிய கிடங்குக்கு நல்ல வழி. 1996-ல் வந்த அமெரிக்க விதி, 25 லட்சம் டன்னுக்குக் குறைவான கொள்ளளவு கொண்ட கிடங்குகளுக்கு இந்தக் கட்டாயத்திலிருந்து விலக்குக் கொடுத்தது. சின்னக் கிடங்கில் எஞ்சின் ஓடும் அளவுக்கு வாயு வராது. வந்தாலும் சில வருஷத்தில் நீர்த்துப்போகும்.

இந்தியாவில் அல்மித்ரா பட்டேல் 1996-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக, நகராட்சித் திடக்கழிவு விதிகள் 2000-ல் வந்தன. அதில் மண்போர்வைக்குத் துல்லியமான கணக்கு இருந்தது. தினசரி மூட 10 செ.மீ.; மழைக்காலத்துக்கு முன் 40 முதல் 65 செ.மீ.; கிடங்கு நிறைந்ததும் கடைசிப் போர்வையாக 60 செ.மீ. களிமண், அதன் மேல் 15 செ.மீ. வடிகால் அடுக்கு, அதன் மேல் செடி வளர 45 செ.மீ. மண். களிமண்ணின் ஊடுருவுதிறனுக்கு விதி வைத்த உச்சவரம்பைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: தண்ணீர் தன் எடையில் ஒரு சென்டிமீட்டர் இறங்க சுமார் 115 நாள் ஆகும். தண்ணீர் உள்ளே போகக் கூடாது என்ற ஒரே நோக்கத்தில் எழுதப்பட்ட விதி. கூடவே வாயுவை வெளியேற்ற ஏற்பாடு வேண்டும் என்றும் சொன்னது.

நடைமுறையில் எங்கள் பக்கத்து மேடுகளில் 10 செ.மீ. மண்ணைக்கூட யாரும் தினமும் போட்டதில்லை. சென்னை வெயிலில் களிமண் போட்டிருந்தாலும் ஏப்ரலில் ஏரித்தரை மாதிரி வெடித்திருக்கும். வெடிப்பு வழியாக வாயு நேராக வெளியேறும். வாயுக்குழாய் இல்லாமல் களிமண் மட்டும் போடுவது, விசில் இல்லாத குக்கர்.

கரிமூட்டம்

மண்ணைப் போட்டுக் காற்றை ஆளும் வித்தை நமக்குப் புதிதில்லை. என் பெரியப்பா முதுகுளத்தூர்ப் பக்கம் கரிமூட்டம் போட்டவர். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் பரப்பி, ஈரமண் பூசித் தீ வைப்பார்கள். அப்புறம் நாள்கணக்கில் காவல். மண்ணில் சின்னச் சின்ன ஓட்டைகள். புகையின் நிறம் பார்த்து ஒன்றைத் திறப்பார், ஒன்றை அடைப்பார். “காத்து கூடிப் போச்சுன்னா சாம்பல்தாம்டா மிஞ்சும். சுத்தமா அடைச்சுட்டாலோ மூட்டம் செத்துப் போகும்” என்பார்.

குப்பைமேட்டின் சிக்கலும் இதுதான். காற்று உள்ளே ஆழமாகப் போனால், ஏற்கெனவே சூடாக இருக்கும் குப்பை கனலத் தொடங்கும். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் ஒரு பொறி போதும். 2022 ஏப்ரல் 27 அன்று பெருங்குடியில் பற்றிய தீயை அணைக்க நாள்கணக்கானது. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்தில் பத்து நாளுக்கு மேல் ஊரே புகைக்குள் கிடந்தது. காற்றே போகாமல் அடைத்தால் மீத்தேன் அதிகமாகும். அப்படியானால் காற்று எங்கே வேண்டும்? குப்பைக்குள் இல்லை, அதன் மேலுள்ள மண்ணுக்குள். சோங்கெனின் பாக்டீரியா வாழும் அந்த அரை மீட்டர், ஒரு மீட்டர் தடிமனுக்குள்.

மூச்சு விடும் போர்வை

1990-ல் வேலன், ரீபர்க், சாண்ட்பெக் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு குப்பைக் கிடங்கின் மேல்மண்ணை எடுத்து, அது எவ்வளவு வேகத்தில் மீத்தேனைத் தின்கிறது என்று அளந்தார்கள். உச்சமாக ஒரு சதுர மீட்டரில் நாளுக்கு 45 கிராம். அதுவரை எந்த மண்ணிலும் இவ்வளவு வேகம் பதிவாகியிருக்கவில்லை. இந்த எண்ணைச் சென்னை எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெருங்குடியில் அளந்ததிலேயே அதிகம் மணிக்கு 433 மில்லிகிராம். நாளுக்குச் சுமார் 10.4 கிராம். கொடுங்கையூரின் உச்சம் நாளுக்கு அரை கிராமைக் கொஞ்சம் தாண்டும். நல்ல நிலையில் உள்ள ஒரு மண்போர்வையால் சமாளிக்கக்கூடிய அளவுதான் இரண்டும். ஆய்வகச் சூழலும் திறந்தவெளியும் ஒன்றில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டே இதைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளிலிருந்து இது ஒரு தனித்துறையாகவே வளர்ந்தது. ஆஸ்திரியாவில் மரியான் ஹூபர்-ஹூமர், மண்ணுக்குப் பதில் நன்கு மட்கிய கம்போஸ்ட்டைப் போர்வையாக்கிப் பார்த்தார். அடியில் ஒரு ஜல்லி அடுக்கு, மேலே ஒரு மீட்டருக்கு மேல் கம்போஸ்ட். ஜல்லியின் வேலை, ஒரே இடத்தில் பீறிடும் வாயுவைப் பரவலாக்கி மேலே அனுப்புவது. கம்போஸ்ட்டின் வேலை, காற்று இறங்குமளவுக்குப் பொலபொலவென்று இருந்து பாக்டீரியாவுக்கு இடம் கொடுப்பது. அமைப்பு அவ்வளவுதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொந்தரவு உண்டு. அரைகுறையாக மட்கிய கம்போஸ்ட் போட்டால், அதுவே ஆக்சிஜனைத் தின்றுவிட்டு மீத்தேனையும் விடும். பாக்டீரியா அதிகமாகக் கொழுத்தால் வழவழப்பான பசை சுரந்து மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்ளும். மழைநீர் துளைகளை நிரப்பினால் காற்று இறங்காது. காய்ந்துபோனால் பாக்டீரியா உறங்கிவிடும்.

இதற்கு மாற்றாகத்தான் போர்வைக்குள்ளேயே காற்று விடும் யோசனை வந்தது. போர்வையின் அடிப்பாகத்தில் துளையிட்ட குழாய்களைப் படுக்கவைத்து, ஒரு சின்ன புளோயரால் மெல்லக் காற்றைத் தள்ளுவது. அல்லது மின்சாரமே இல்லாமல் மேலே நீட்டிய குழாய்கள் வழியாகக் காற்று தானே இறங்கும்படி விடுவது. இயல்பாக ஆக்சிஜன் மேலிருந்து ஒன்றரை, இரண்டு சாண் ஆழம் வரைதான் இறங்கும். பாக்டீரியாவின் குடியிருப்பும் அவ்வளவுதான். அடியிலிருந்தும் காற்று கொடுத்தால் போர்வை முழுக்கக் குடியிருப்பு ஆகும். அளவு மீறினால் காற்று குப்பைக்குள் இறங்கிவிடும், மண்ணும் காய்ந்துபோகும். மறுபடியும் பெரியப்பாவின் ஓட்டைக் கணக்குதான்.

குப்பைக்குள்ளேயே காற்றை அனுமதிக்கும் துணிச்சலான மரபு ஜப்பானுடையது. ஃபுகுவோகா பல்கலைக்கழகத்தின் மசடகா ஹனாஷிமாவும் சகாக்களும் உருவாக்கி, 1975-ல் அந்த நகரிலேயே நடைமுறைக்கு வந்த முறை: கிடங்கின் அடியில் கசிவுநீர் வடியப் பெரிய குழாய், அதன் வாய் எப்போதும் திறந்திருக்கும். உள்ளே அழுகும் சூட்டில் வாயு மேலே எழும், அந்த இடத்துக்குக் குழாய் வழியாக வெளிக்காற்று வரும். புளோயர் வேண்டாம். புகைபோக்கி வேலை செய்யும் அதே தத்துவம். மூட்டத்துக்கும் இதற்கும் வித்தியாசம், இங்கே கசிவுநீர் வடிந்துகொண்டே இருப்பதும் குப்பையை முறையாக அடுக்கி மண் போடுவதும். அது இல்லாமல் குழாயை மட்டும் திறந்து வைத்தால் தீயை அழைப்பதுதான்.

டென்மார்க்கின் அனுபவம் எச்சரிக்கையாக உதவும். ஃபாக்சே என்ற ஊரின் கிடங்கில் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஷூட்ஸும் கெல்ட்செனும் கம்போஸ்ட் ‘ஜன்னல்’களை அமைத்தார்கள். ஆய்வகத்தில் பிரமாதமாக இருந்தது. களத்தில் மொத்த வெளியேற்றம் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. காரணம், வாயு எல்லா ஜன்னலுக்கும் சமமாக வரவில்லை. சில இடங்களில் தாங்கமுடியாத அளவு, சில இடங்களில் ஒன்றுமே இல்லை. பாக்டீரியா சரியாகத்தான் இருந்தது, பகிர்மானம் சரியில்லை. பெருங்குடியின் 0.9-க்கும் 433-க்கும் இடையே உள்ள தூரமும் இதையேதான் சொல்கிறது. இருந்தாலும் டென்மார்க் இந்த வழியைக் கைவிடவில்லை. பழைய சின்னக் கிடங்குகளுக்கு இதுவே பொருத்தம் என்று அரசே மானியம் கொடுத்தது.

நம் வெயிலுக்கு இது சரிப்படுமா? பாங்காக்கில் உள்ள ஆசியத் தொழில்நுட்பக் கழகத்தில் சி. விஸ்வநாதன் குழு 1999-ல் வெளியிட்ட ஆய்வு வெப்பமண்டல மண்ணைப் பற்றியது. சூடு பிரச்சினையே இல்லை. முப்பது டிகிரிக்கு மேல் பாக்டீரியா சுறுசுறுப்பாக இருக்கிறது. ஈரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மண்ணில் 15 முதல் 20 சதவீதம் ஈரம் இருந்தால் உச்ச வேகம், நன்றாகக் காய்ந்தால் வேலைநிறுத்தம். டென்மார்க்கில் குளிர்காலம் பாக்டீரியாவை முடக்கும். ஆவடியில் மே மாத வறட்சியும் நவம்பர் வெள்ளமும் முடக்கும். நடுவில் உள்ள மாதங்கள் அதற்குச் சொர்க்கம்.

எண்களுக்குத் திரும்பி

இப்போது அந்த 120 டன்னைப் பார்க்கலாம். ஐபிசிசி-யின் 1996 எளிய வழிமுறை, இந்த வருஷம் கொட்டிய குப்பையிலிருந்து வரக்கூடிய மீத்தேன் முழுவதும் இந்த வருஷமே வெளியேறும் என்று வைத்துக்கொள்கிறது. உண்மையில் அது பல வருஷம் இழுக்கும். ஆக, கணக்கில் கொஞ்சம் கோளாறு உண்டு. கவிழ்த்த பெட்டி, வெடிப்புகளில் பீறிடும் இடங்களைத் தவறவிடலாம். ஆக, அளவையிலும் கோளாறு இருக்கலாம். மிச்சத்துக்குக் காரணம் அன்றைய மேடுகளின் தன்மை: இறுக்கமில்லாமல் கொட்டியது, பொறுக்குபவர்கள் தினமும் கிளறியது, பாதி எரிந்தது, கட்டட இடிபாடும் மண்ணும் நிறையக் கலந்திருந்தது. காற்று புகுந்த இடத்தில் மீத்தேன் உருவாகவில்லை. உருவானதில் ஒரு பகுதியை மண் தின்றது.

ஐபிசிசி-யின் 2006 நெறிமுறை இதை ஓரளவு ஒப்புக்கொள்கிறது. இறுக்கி மூடிய முறையான கிடங்குக்கு மீத்தேன் காரணி 1. ஃபுகுவோகா மாதிரிக்கு 0.5. முறையற்ற, ஐந்து மீட்டருக்கு மேல் ஆழமான மேட்டுக்கு 0.8. ஆழம் குறைந்ததற்கு 0.4. அதாவது அத்திப்பட்டு மாதிரி ஒரு தாழ்ந்த திறந்த மேட்டை ‘விஞ்ஞானபூர்வமாக’ அமுக்கி மூடினால், வாயுவை எடுத்து எரிக்காதவரை, மீத்தேன் இரண்டரை மடங்காகலாம். மண்போர்வை தின்பதற்குத் தருவதோ பத்து சதவீதக் கழிவு. அதுவும் முறையாக மூடிய கிடங்குக்கு மட்டும்.

இதைச் சொன்னால், ‘அப்போ திறந்து போட்டு எரிக்கிறதுதான் நல்லதா?’ என்று கேட்கத் தோன்றும். கிடையாது. அந்தப் புகையை மூச்சில் இழுத்தவர்களுக்கு மீத்தேன் கணக்கு எந்த ஆறுதலும் தராது. மேலும் தாழ்ந்த மேடு தாழ்ந்தே இருப்பதில்லை. 2022-ல் வெளியான ஒரு செயற்கைக்கோள் ஆய்வு தில்லி, மும்பை, லாகூர், புவெனஸ் அய்ரெஸ் நகரங்களின் மீத்தேன் வெளியேற்றம் வழக்கமான கணக்கேடுகள் சொல்வதைவிட 1.4 முதல் 2.6 மடங்கு என்று கண்டது. உயர்ந்த குப்பைமலைக்குள் காற்று போகாது. அங்கே காணாமல் போன வாயுவே கிடையாது, அத்தனையும் வானத்தில் தெரிகிறது. கொடுங்கையூரும் அந்தத் திசையில்தான் வளர்ந்தது.

கிளறிய மண்

இன்று எல்லா ஊரிலும் பேசப்படும் தீர்வு பயோமைனிங். பழைய குப்பையைத் தோண்டி, சலித்து, பிளாஸ்டிக்கைத் தனியாக, கல்லைத் தனியாக, மண்ணைத் தனியாகப் பிரிப்பது. கொடுங்கையூரில் மட்டும் சுமார் 640 கோடி ரூபாய்த் திட்டம். அத்திப்பட்டிலும் சேக்காட்டிலும்கூட இந்த வேலை நடந்திருக்கிறது. நிலம் மீள்கிறது, நல்ல விஷயம்.

சலித்தால் கிடைப்பதில் பெரும்பங்கு மண்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் ஆய்வு மையத்தில் குரியன் ஜோசப் குழு 2000-களின் தொடக்கத்திலேயே சென்னை மேடுகளைத் தோண்டிப் பார்த்தது. கொடுங்கையூர்க் குப்பையில் ஏறத்தாழ 68 சதவீதமும் பெருங்குடியில் 40 சதவீதமும் மண் போன்ற நுண்பொருள். உலோகங்கள் கலந்திருப்பதால் வயலுக்கு உரமாகப் போடத் தயக்கம். பொதுவாகப் பள்ளம் நிரப்பப் போகிறது.

எனக்கு இதில்தான் ஒரு வாய்ப்பு தெரிகிறது. இருபது, முப்பது வருஷம் குப்பைக்குள் மட்கிய அந்த மண் பொலபொலப்பானது, ஈரம் பிடிக்கக்கூடியது, மேலும் மட்க அதிகம் மிச்சமில்லாதது. மீத்தேன் தின்னும் பாக்டீரியாவுக்கு அது பழகிய வீடு. போர்வைக்கு வேண்டிய குணம் எல்லாம் அதில் இருக்கிறது. ஏரியிலிருந்து களிமண் வெட்ட வேண்டாம், சவுடு மண்ணுக்கு லாரி அனுப்ப வேண்டாம். உலோகக் கலப்பு வயலுக்குத்தான் ஆபத்து. குப்பையின் மேலேயே திரும்பப் போடும்போது அந்தக் கவலை குறைவு. ஆனால் மழைநீர் வழிந்து ஏரிக்குப் போகாமல் வடிகால் கட்டாயம்.

எந்தக் குப்பையின் மேல் போடுவது? மேடு காலியாகிவிட்டதே என்று கேட்கலாம். பயோமைனிங் முடிந்த ஊரிலும் பிரிக்கமுடியாத கழிவு மிஞ்சுகிறது. தரம் பிரிக்காமல் வரும் இன்றைய குப்பையில் ஒரு பகுதி இன்னொரு மூலையில் சேர்கிறது. பிரித்து, மட்கவைத்து, எதையும் புதைக்காமல் இருப்பதுதான் முதல் வழி. ஈரக்குப்பை உள்ளே போகாவிட்டால் மீத்தேனே இல்லை. அது முழுமையாக நடக்கும்வரை புதைக்கிற மிச்சத்துக்குக் களிமண் பூட்டு மட்டுமே வழி என்று விதியை வாசிக்க வேண்டியதில்லை. எஞ்சின் ஓடாத அளவுக்குச் சின்னதான புறநகர் மேடுகளுக்கு, ஜல்லியும் சலித்த மண்ணும் நாலு துளைக்குழாயும் கொண்ட ஒரு போர்வை சில சென்ட் பரப்பில் சோதித்துப் பார்க்கக் கட்டுப்படியாகும் விஷயம். ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் அதன் மேல் கடந்துபோகட்டும். பெட்டியைக் கவிழ்த்து அளக்கத் தெரிந்தவர்கள் கிண்டியிலேயே இருக்கிறார்கள்.

அம்பத்தூர்க் குப்பை கொடுங்கையூருக்குப் போகும்வரை இது எங்கள் பிரச்சினை இல்லை என்று எங்கள் தெருவில் யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. அங்கே வரவிருக்கும் எரி உலையை எதிர்த்து வடசென்னைக்காரர்கள் தெருவில் நிற்கிறார்கள். அவர்கள் சுவாசிக்கப் போவதில் எங்கள் வீட்டு மிச்சமும் இருக்கிறது. சலித்த மண் லாரி லாரியாகப் பள்ளங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அது முழுக்கத் தீர்வதற்குள் நூறு லோடையாவது நிறுத்தி, ஒரு சின்ன மேட்டின் மேல் பரப்பிப் பார்க்கச் சொல்லி வார்டு கூட்டத்தில் கேட்கலாம் என்றிருக்கிறேன்.